இரண்டாவது செட்

யுத்தம் முடிந்த வருடம், சித்திரை மாதக் கடைசியில், ஒரு ஓட்டோவில் இரண்டு பெட்டியும் ஒரு தையல் மெஷினுமாகப் பரீனா தன் புது மாப்பிள்ளை காலிதீனின் வீட்டுக்கு வந்து இறங்கினாள்.

புது வீடு என்றே சொல்லலாம். சுனாமிக்குப் பிறகு ஊருக்கு மேற்கே வயலை நிரப்பிக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்று. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக நின்றன. முன்னால் விறாந்தை, நடுவில் ஹோல், இரண்டு அறை, பின்னால் குசினி, குசினிக்குப் பக்கத்தில் கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னலோடு சாமான் அறை. அந்த வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே முழு ஊரும் கிடந்தது. அலைச் சத்தம் அங்கே எட்டாது. காற்று அடித்தால் வயல் சேற்றின் மணம்தான் வரும்.

பரீனாவுக்கு முப்பத்து நாலு வயது. கல்முனைப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் மாப்பிள்ளை வருவான். அவளுடைய வாப்பா கட்டத் தொடங்கிய வீட்டைக் கூரை போடுவதற்கு முன்னமே கடல் கொண்டுபோனது. மறு வருடம் வாப்பாவும் மௌத்தாகிவிட்டார். அதற்குப் பிறகு கூடப்பிறந்த காக்கா முத்தலிபின் வீட்டு மூலையில் இருந்து ஊராரின் சட்டைகளைத் தைத்தாள். காலிதீனுக்கு வீடு இருந்தது, பெண்சாதி இல்லை. அவனே ஆள் அனுப்பிக் கேட்டபோது முத்தலிப் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

காலிதீன் துணி அளந்து விற்கும் பிடவைக் கடைக்காரன். அதிர்ந்து பேசமாட்டான். அவனுடைய முதல் மனைவி சுபைறா கடல் வந்த அன்று மௌத்தானவள். அந்தக் கதையை அவன் சொல்லிக் கேட்டு அழாதவர்கள் ஊரில் குறைவு.

"கையப் புடிச்சிட்டுத்தான் இருந்தன்," என்பான். "கிணத்தடியில, இந்தக் கையால. தண்ணி வந்து இழுத்திச்சி. நழுவிட்டு."

சொல்லிவிட்டு உள்ளங்கையை விரித்துப் பார்ப்பான். நிக்காஹ் முடிந்த அன்று பரீனாவுக்கும் அதைச் சொன்னான். அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அன்பு பிறகு வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

வைகாசியில் யுத்தம் முடிந்ததாகச் செய்தி வந்தது. தெருவில் வெடி கொளுத்தினார்கள். அதிலிருந்து பின்னேரம் ஆனால் காலிதீனின் ஹோலில் ஆண்கள் கூடத் தொடங்கினார்கள். கட்டாரிலிருந்து அவன் மச்சான் அனுப்பிய பெரிய டீவியும் நல்ல கம்பனி டிவிடி செட்டும் அங்கேதான் இருந்தன. கடற்கரையில் அடுக்கிக் கிடந்த உடல்களையும், கை தூக்கி வரிசையில் வந்த சனத்தையும் யார் யாரோ கொண்டுவந்த சீடிகளில் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். பரீனா தேத்தண்ணி ஊற்றித் திரைக்குப் பின்னால் நின்று நீட்டிவிட்டுச் சாமான் அறைக்குள் போய்விடுவாள். அவளுடைய மெஷின் அங்கேதான் இருந்தது. பழைய பதினாலு இஞ்சி டீவி ஒன்றும் அங்கே சும்மா கிடந்தது.

"உனக்கும் ஒரு டிவிடி செட் எடன்," என்றான் காலிதீன் ஒரு நாள். "பெரிசா ஒண்டும் தேவையில்ல. ரெண்டாவது செட்தானே. மலிவா ஒண்டப் பாத்து எடு."

மறுநாள் காலையில் முத்தலிபின் மனைவி றாஹிலாவைக் கூட்டிக்கொண்டு பரீனா கல்முனைப் பசாருக்குப் போனாள். மீராசாவின் கடையில் டிவிடி செட்டுகளை மேசை நீளத்துக்கு அடுக்கியிருந்தார்கள். மீராசா ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

"இது கம்பனிச் சாமான். படம் கண்ணாடி மாதிரி. ஆனா சீடியில ஒரு தூசி பட்டாலும் வாசிக்காது, கோவிச்சிக்கும். இதுக்கு பென் ட்ரைவ் குத்துற இடம் இரிக்கி. இது ரிமோட் பழுதானா செத்த மாதிரிதான், முன்னுக்கு பட்டனே இல்ல."

"அந்தா மூலையில இரிக்கே, அது?" என்றாள் றாஹிலா.

பேர் இல்லாத செட் அது. தகரப் பெட்டி, கையில் எடுத்தால் வெறும் டின் மாதிரிக் கனமே இல்லை. முன்பக்கம் நாலு பட்டன், சிவப்பில் எண்கள் ஓடும் சின்னக் கண்ணாடி. அவ்வளவுதான்.

"சீனாச் சாமான்," என்றார் மீராசா. "பாக்கிறதுக்குத்தான் இப்பிடி. லென்ஸ் சரியான பலம். மத்த செட்டெல்லாம் துப்புற சீடிய இது வாசிக்கும். ஆறு மாசத்துக்கு நான் பொறுப்பு. ரெண்டாவது செட்டுக்கு இது காணும் தங்கச்சி."

றாஹிலா சிரித்தாள். "எங்கட மச்சியும் அந்த வீட்டுக்கு ரெண்டாவதுதானே!"

பகிடிக்குத்தான் சொன்னாள். பரீனாவும் சிரித்தாள். ஆனால் அந்தத் தகரப் பெட்டியைத்தான் எடுத்தாள், வேறு எதையும் மறுபடி பார்க்கவில்லை. வரும் வழியில் சோதனைச் சாவடியில் பெட்டியைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்த சிப்பாய் மறுபடி மூடிக் கொடுத்தான்.

இரண்டு கிழமை ஒரு குறையும் இல்லை. காலிதீன் ஒன்பது மணிக்குக் கடைக்குப் போய்விட, அவள் தைத்துக்கொண்டே ஏதாவது ஓடவிடுவாள்.

அலுமாரியைத் துடைக்கும்போதுதான் பிஸ்கட் டின்னுக்குள் அந்த சீடியைக் கண்டாள். ஓரம் முழுக்க வெள்ளை பூத்திருந்தது. நீல மையில், கலங்கிய எழுத்தில், 'பெருநாள் 2004'.

"அது சுபைறா எழுதினது," என்றான் காலிதீன். "சுனாமிக்கு முந்தின நோன்புப் பெருநாள்ல எடுத்த வீடியோ. சேத்துக்குள்ள இருந்து எடுத்தன். எத்தின செட்ல போட்டுப் பாத்திரிக்கன், ஒண்டும் வாசிக்கல்ல. அவட முகம் இரிக்கிறது அதில மட்டும்தான்."

அதைக் கேட்டு பரீனாவின் மனம் உருகிவிட்டது. மற்ற செட்டுகள் துப்பும் சீடியை இது வாசிக்கும் என்று மீராசா சொன்னாரே. வாசித்தால் எவ்வளவு சந்தோசப்படுவான்! அவனிடம் சொல்லாமல் போட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்தாள். அந்த வீட்டுக்குள் தன் கையால் அவள் கொடுக்கப்போகும் முதல் பொருள் அதுவாக இருக்கும்.

மறுநாள் காலை அவன் போனதும் சீடியை மெல்லிய துணியால் துடைத்துச் செட்டுக்குள் வைத்தாள். உள்ளே கரகரவென்று அரைபட்டது. பிறகு சத்தம் அடங்கியது.

படம் வந்தது.

பச்சைக் கதவுகள் வைத்த ஒரு வீடு, கடல் கொண்டுபோன பழைய வீடாக இருக்கும். புதுச் சட்டை போட்ட பிள்ளைகள். வட்டிலப்பம் வெட்டும் ஒரு பெண் கமெராவைக் கண்டு வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடினாள். "போதும் போங்க!" என்றாள். சுபைறாதான். ஒடிசலான உடம்பு, கன்னத்தில் மச்சம். பரீனா திரைக்குக் கிட்டப் போய்க் குந்தினாள். பொறாமை வரும் என்றுதான் பயந்திருந்தாள். வரவில்லை.

செட்டின் கண்ணாடியில் மொத்தம் நாற்பத்திரண்டு நிமிடம் என்று காட்டியது. நாற்பத்திரண்டில் படம் கறுத்தது. எண்கள் மட்டும் நிற்கவில்லை. நாற்பத்து மூன்று. நாற்பத்து நாலு.

கறுப்புக்குள் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது.

பழுதான சீடி என்று நினைத்து நிறுத்தினாள். அன்று மாலை வரை சாமான் அறையில் ஏதோ நாறிக்கொண்டிருந்தது. பலகை ஊறிய நாற்றம். செத்த எலியாக இருக்கும் என்று மூலை முடுக்கெல்லாம் தேடினாள். ஒன்றும் இல்லை.

காலிதீனுக்கு அன்றே காட்டியிருக்கலாம். அந்த மூச்சு அவளை விடவில்லை. மறுநாள் தனியே இருந்து மறுபடி போட்டாள். நாற்பத்திரண்டு தாண்டியது. கறுப்பு. மூச்சு. பிறகு ஒரு ஆணின் குரல். மெதுவான, அதிராத குரல்.

"ரெண்டு நாளைக்கு உள்ளுக்க கிட. உன்ட ராத்தா வீட்டுக்கு ஓடுற பழக்கம் அப்பதான் போகும்."

இரும்பு இரும்பில் உரசியது. தாழ்ப்பாள்.

"இஞ்சாருங்க… கதவத் துறங்க. நான் போகல்ல. துறங்க."

பரீனாவின் கையிலிருந்த கத்தரிக்கோல் மடியில் விழுந்தது.

குரல் காலிதீனுடையது.

அன்று இரவு அவன் பக்கத்தில் படுத்திருந்தபோது அவனுடைய மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தாள். யாரும் எதையும் ஒரு சீடியில் பதியலாம், ஒருவர் குரல் மாதிரி இன்னொருவர் குரல் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். ஆனால் ஒரு பூட்டிய அறைக்குள், இருட்டில், கமெராவை யார் பிடித்துக்கொண்டு நின்றது?

மூன்றாம் நாள் தைக்கவே இல்லை. செட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். எண்கள் ஐம்பதைத் தாண்டின.

வெளியே பறவைகளின் சத்தம். தூரத்தில் ஒரு கூச்சல். அது கிட்ட வந்தது, நூறு கூச்சலானது.

"கடல் வருது! ஓடுங்க! கடல் வருது!"

கதவை அடிக்கும் சத்தம் தொடங்கியது. கையால் அடித்தாள். பிறகு நகத்தால் பிறாண்டினாள். "துறங்க! அல்லாஹ்வுக்காகத் துறங்க!"

வீட்டுக்குள் ஒரு ஆள் ஓடிவரும் காலடி கேட்டது. செருப்புக் கால். ஹோலைத் தாண்டியது. கதவடிக்கு வந்தது.

நின்றது.

பரீனாவும் மூச்சை அடக்கினாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் மூச்சு வாங்குவது தெளிவாகக் கேட்டது. கையை நீட்டினால் தாழ்ப்பாள். ஒரு இழுப்பு.

காலடி திரும்பி ஓடியது.

அதற்குப் பிறகு கேட்டதை பரீனா யாரிடமும் சொன்னதில்லை. கடைசியில் தண்ணீரின் சத்தம் மட்டும் இருந்தது. எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட வந்த காலிதீனைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தான்.

"அந்த சீடி வாசிக்கி," என்றாள்.

அவன் செட்டைப் பார்த்தான். அவள் பட்டனை அமத்தினாள். உள்ளே அரைபட்டது. நீலத் திரையில் 'நோ டிஸ்க்' என்று எழுத்து வந்தது. மறுபடி அமத்தினாள். அதுவேதான்.

காலிதீனின் தோள்கள் இறங்கின. அவன் சிரிக்கக்கூடச் செய்தான். "நான்தான் சொன்னனே. எத்தின செட்ல போட்டுப் பாத்த நான்."

அந்தச் சிரிப்பில்தான் பரீனாவுக்கு விளங்கியது. ஒவ்வொரு செட்டிலும் அவன் போட்டுப் பார்த்தது, அது வாசிக்கவில்லை என்று தெரிந்துகொள்வதற்குத்தான்.

நீலத் திரை அப்படியே இருந்தது. டீவிக்குள்ளிருந்து ஒரு பெண் பேசினாள். மெல்லிய குரல், களைத்த குரல்.

"வந்துட்டீங்களா?"

காலிதீன் சுவரில் சாய்ந்தான்.

"துறக்கத்தான் வந்தன்," என்றான். பரீனாவிடம் இல்லை. "வந்தன் சுபைறா. தண்ணி ஹோலுக்குள்ள வந்திட்டு. நிண்டிருந்தா நானும்…"

"கைய நீட்டினீங்களா?"

அவன் ஒரே பாய்ச்சலில் வயர்களைப் பிய்த்துச் செட்டைத் தூக்கிக்கொண்டு வளவுக்கு ஓடினான். கல்லில் தகரம் அடிபடும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, பல. பரீனா எழுந்து வெளியே போவதற்குள் அவன் திரும்பி வந்துவிட்டான். கையில் ரத்தம். வாசலில் நின்று அவளைப் பார்த்தான். கோபம் இல்லை அந்த முகத்தில். ஒரு பிடவையை அளப்பது போலத்தான் பார்த்தான்.

கதவைச் சாத்தினான்.

தாழ்ப்பாள் விழுந்தது.

"நீ ஒண்டும் கேக்கல்ல," என்றான் வெளியே நின்று, அதிராத குரலில். "நான் அஸர் தொழுதிட்டு வருவன். அதுக்குள்ள யோசி. விளங்கிச்சா?"

செருப்புச் சத்தம் ஹோலைத் தாண்டிப் போனது. முன்கதவும் பூட்டுப்பட்டது.

பரீனா கத்தினாள். ஜன்னலுக்கு வெளியே வயல்தான், ஆள் இல்லை. கதவை அடித்தாள். பிறகு அந்த நாற்றம் வந்தது, இந்த முறை மெதுவாக இல்லை. உப்பும், சேறும், ஊறிய பலகையும் தொண்டைக்குள் இறங்கின. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து கணுக்காலை நனைத்தது. குளிர்ந்தது. முழங்காலுக்கு ஏறியது.

அவள் அடிப்பதை நிறுத்தினாள்.

அடிக்கும் சத்தம் நிற்கவில்லை.

அவளுக்குப் பக்கத்தில், அவளுடைய தோளுக்கு நேரே, யாரோ கதவை அடித்துக்கொண்டிருந்தார்கள். பரீனா திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும் என்று பின்னாளில் சொன்னாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மூத்தவளைக் கூப்பிடும் ஒரே ஒரு சொல்தான் சொன்னாள்.

"ராத்தா."

அடி நின்றது.

பிறகு, கதவுக்கு வெளியே, இரும்பு இரும்பில் உரசியது. அவசரம் இல்லாமல், முதல் முறை திறக்கப் பழகும் கை மாதிரி, தாழ்ப்பாள் இழுபட்டது.

கதவு திறந்தது. ஹோலில் யாரும் இல்லை. முன்கதவும் விரியத் திறந்து கிடந்தது. தாழ்ப்பாளில் மண் ஒட்டியிருந்தது, வயல் மண் இல்லை, கடல் மணல்.

செருப்பும் போடாமல் காக்கா வீட்டுக்கு ஓடினாள். றாஹிலாதான் அவளுடைய உடுப்பைப் பிழிந்தாள். முழங்கால் வரை ஈரம். "எந்தக் கிணத்துக்க விழுந்தாய் மச்சி?" என்று கேட்டவள், காய்ந்த பிறகு அதில் உப்புப் பூத்திருந்ததைக் கண்டு வாயை மூடிக்கொண்டாள்.

முத்தலிப் நம்பவில்லை. பள்ளிவாசலில் விசாரித்தவர்களும் நம்பவில்லை. காலிதீன் கட்டுப் போட்ட கையோடு வந்து உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்துப் பார்த்து அழுதான். பெரியவர்களும் அவனோடு சேர்ந்து அழுதார்கள்.

"அந்த மனிசன் பட்டது காணாதா?" என்றார் ஒருவர். "வீடு வாசல் இல்லாத புள்ளைக்கு வாழ்வு குடுத்தாரு. அதுக்கு இந்தக் கதையா?"

தலாக் ஆனது. பரீனா மறுபடி அந்த மூலைக்கே வந்தாள். மெஷின் மட்டும் திரும்பி வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் சுபைறாவின் ராத்தா ஹப்ஸா அவளைத் தேடி வந்தாள். றாஹிலா உள்ளே போகும் வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"கதவு எந்தப் பக்கத்தால பூட்டி இருந்தது எண்டு கேட்டிச்சி உனக்கு?"

"வெளியால."

ஹப்ஸா தலையாட்டினாள். அவளுக்கு ஆச்சரியம் இல்லை.

"அவட மையித்தக் குளிப்பாட்டினது நான்தான். பத்து நகமும் பிஞ்சி இருந்திச்சி. நகக்கண்ணுக்குள்ள பச்சைப் பெயின்ட்."

பரீனா அவளையே பார்த்தாள். "அப்ப உங்களுக்குத் தெரியும். பள்ளியில என்னைய நிப்பாட்டிக் கேட்டப்பயும் தெரியும்."

"ஓம்."

"ஏன் ராத்தா சொல்லல்ல?"

"அண்டைக்கு எத்தின மையித்து! ஆருகிட்டப் போய்ச் சொல்ற? மறுகா அவரே வந்தாரு. சுனாமிக்குக் கவுமெந்து தாற வீட்ட என்ட மகளுக்கு எழுதுவன் எண்டாரு. எனக்குக் கலியாணம் ஆகாத மூணு குமர் இருந்திச்சி பரீனா." ஹப்ஸா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "போன மாசம் எழுதிட்டாரு. கொழும்புக்கும் போயிட்டாரு. இனி ஊர்ல படுக்க ஏலாதாம்."

தான் எதற்காக விரட்டப்பட்டாள் என்பது பரீனாவுக்கு இப்போதுதான் முழுதாக விளங்கியது. அந்த வீட்டில் அவளுக்கு இடம் இருந்ததே இல்லை. இறந்தவளின் விலையை வேறு ஆட்கள் பேசி முடித்திருந்தார்கள்.

"இப்ப ஏன் என்னட்ட வந்தீங்க?"

"மகள்ட கலியாணம் வெள்ளிக்கிழம. வீட்டுக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கம். அந்தச் சாமான் அறைக் கதவில, உள்பக்கத்தில…" ஹப்ஸா குரலைத் தாழ்த்தினாள். "உச்சியில. ஏணி வெச்சாத்தான் எட்டும். மேல் நிலையோட ஒட்டி, நகத்தால பிறாண்டின தடம். பெயின்ட்காரன் மூணு தரம் பூசிட்டான். விடியக்குள்ள திரும்ப இரிக்கி."

தண்ணீரில் மிதந்து மேலே போன ஒருத்திக்குத்தான் அந்த இடம் எட்டும் என்று இருவருக்கும் தெரியும்.

"நான் என்ன செய்யிற ராத்தா? கதவக் கழட்டுங்க. இல்லாட்டி உள்ளுக்கு நிண்டு, செஞ்சத அவகிட்டச் சொல்லுங்க."

"பைத்தியமா? கலியாண வீடு." ஹப்ஸா எழுந்தாள். "இரும்புப் பூட்டு ஒண்டு போட்டிட்டம். அத உனக்கிட்டச் சொல்லத்தான் வந்தன். நீயும் இனி வாயத் துறக்காத."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது சாமான் அறைப் பூட்டு போட்டது போட்டபடியே தொங்கியது. ஹப்ஸா நிம்மதியாகப் போய் மணப்பெண்ணை எழுப்பினாள். பிள்ளை இரவெல்லாம் உறங்காமல் கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தது. பேச்சு வரவில்லை. தான் படுத்திருந்த அறையின் கதவைத்தான் விரலால் காட்டியது.

உள்பக்கம். உச்சியில். பத்துத் தடங்கள்.

புதிதாகப் பூசிய வெள்ளைக் கதவு அது. தடங்களுக்குள் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.